கண்ணம்மாள் அடித்த கடிதங்கள்

திருப்பூரில் அப்புசாமிக் கவுண்டரின் பனியன் கம்பெனியில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஆள் கண்ணம்மாள் ஒருத்திதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தவள். அவள் அப்பா கந்தவேல் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெண்பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா என்று உறவில் சிலர் கேட்டபோது, "என்ற கண்ணு முன்னாலதானுங்க உக்காந்திருக்கப் போறா" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

முதலாளி தமிழில் சொல்லுவார், அவள் இங்கிலீஷில் அடிப்பாள். கல்கத்தா, பம்பாய், டில்லி என்று சரக்கு வாங்கும் வியாபாரிகளுக்கெல்லாம் கடிதம் போகும். வியாபாரிகளைப் 'பார்ட்டி' என்பது அங்கே வழக்கம். முதலாளிக்கு முன்கோபம் உண்டு. "சும்மாச் சும்மா சரக்கத் திருப்பி அனுப்பறான். அந்தப் பயலுக்கு இனிமே ஒரு டஜன்கூடக் கெடையாதுன்னு எழுது அம்மிணி" என்பார். அவள் தலையாட்டிக்கொண்டே, 'தாங்கள் திருப்பி அனுப்பிய சரக்கைப் பார்த்தோம், குறை எங்கே என்று எழுதினால் அடுத்த லோடில் சரிசெய்து அனுப்புகிறோம்' என்று அடித்துக் கொண்டுபோய் நீட்டுவாள். அவர் கையெழுத்தைப் போட்டுவிடுவார். அதே பார்ட்டியிடமிருந்து அடுத்த மாதம் ஆர்டர் வரும். "நல்லா உறைக்கற மாதிரி எழுதியிருக்குது" என்று முதலாளி கணக்குப்பிள்ளை பொங்கியண்ணனிடம் சொல்லிக்கொள்வார். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது.

1965 ஜூன் மாதத்தில் குமாரவேல் ஊருக்குத் திரும்பி வந்தான். நொய்யல் கரையில் துணி வெளுக்கும் பட்டறை வைத்திருந்த நாச்சிமுத்துவின் மகன். அப்புசாமியின் கம்பெனித் துணியெல்லாம் அந்தப் பட்டறையில்தான் வெளுத்து வந்தது. குமாரவேல் மதராசில் ரசாயனம் படித்து, பருத்தி நூலை வெளுக்கும்போது அதன் பலம் எப்படிக் குறைகிறது என்பதில் ஆராய்ச்சி செய்து, டாக்டர் பட்டம் வாங்கியிருந்தான். பட்டம் வாங்கியபின் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் லீவு காலியிடத்தில் பாடம் நடத்தினான். லீவில் போனவர் திரும்பி வந்தார், இவன் வெளியே வந்தான். முப்பத்தொரு வயது. இனி என்ன செய்வது என்று அவனுக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்த பேராசிரியரிடம் கேட்டதற்கு, "வெளிநாட்டில் ஏதாவது பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் போஸ்ட் டாக்டரல் வேலை பார்த்துவிட்டு வா. அது இல்லாமல் இங்கே யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

டாக்டர் பட்டம் வாங்கினவர்களைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தங்கள் சோதனைச்சாலையில் ஒன்றிரண்டு வருஷம் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிற வேலை அது. அதற்கென்று ஆபீஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. அந்தந்தப் பேராசிரியருக்கே எழுதிக் கேட்க வேண்டும். எழுதுவதென்றால் டைப் அடித்து எழுத வேண்டும்.

நாச்சிமுத்து மகனைக் கூட்டிக்கொண்டு அப்புசாமியிடம் வந்தார். "பையனுக்குக் கொஞ்சம் லெட்டர் அடிக்கோணுமுங்க. உங்க டைப் அடிக்கிற அம்மிணி சாயங்காலமாச் சித்த ஒத்தாசை பண்ணினாத் தேவலைங்க."

"அதுக்கென்ன, அடிக்கட்டும். அஞ்சு மணிக்கு மேல மிஷின் சும்மாத்தானே கெடக்குது" என்றார் அப்புசாமி. அவள் அடித்து முடிக்கும்வரை பொங்கியண்ணனும் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும் என்று ஒரு ஏற்பாடும் சொன்னார். கந்தவேலுக்கும் நாச்சிமுத்துவுக்கும் பங்காளி முறை, ஆக அவர்கள் பிள்ளைகள் இருவரும் அண்ணன் தங்கை முறை. ஆனாலும் ஊர் வாய் எப்போதும் முறை பார்த்துத்தான் பேசும் என்று சொல்ல முடியாது.

பொங்கியண்ணனுக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் சந்தோஷம். முதல் நாளே கேட்டுவிட்டார். "போஸ்ட் டாக்டர்னா என்னங்க தம்பி? தபால்லயே வைத்தியம் பாக்கறதுங்களா?"

குமாரவேல் விளக்கினான். பொங்கியண்ணன் முழுக்கக் கேட்டுக்கொண்டு, "அப்பப் படிச்சு முடிச்சதுக்கப்பறமும் படிக்கறதுன்னு சொல்லுங்க" என்றார். மறுநாள் காலை டீக்கடையில் பாதிப் பேருக்கு இந்தச் செய்தி தெரிந்திருந்தது.

குமாரவேல் கொண்டுவந்த கடிதம் இரண்டு பக்கம். மிகத் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது என்று ஆரம்பித்து, எந்த ஊரில் பிறந்தான், எந்தப் பள்ளியில் படித்தான், எத்தனை மார்க் என்று போய், கடைசிப் பத்தியில்தான் வேலை வேண்டும் என்ற விஷயத்துக்கு வந்தது. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து என்று இருபது பேராசிரியர்களின் விலாசம் வைத்திருந்தான். இருபது பேருக்கும் அதே கடிதம். கண்ணம்மாள் ஒரு வாரம் அடித்தாள். பிழையில்லாமல், ஓரம் பிசகாமல் அடித்தாள். அவன் படித்த படிப்புக்கு முன்னால் தான் என்ன சொல்வது என்று இருந்துவிட்டாள்.

பதில்கள் ஆகஸ்டில் வர ஆரம்பித்தன. பட்டறை விலாசத்துக்கு வந்தால் ஈரக்கையோடு யாராவது வாங்கிப்போட்டுவிடுவார்கள் என்று குமாரவேல் கம்பெனி விலாசம் கொடுத்திருந்தான். அதனால் உறைகளை முதலில் பார்க்கிறவள் அவளாக இருந்தாள். பதினொரு பதில் வந்தது. ஒன்பது பேர் எழுதவே இல்லை. வந்ததில் நாலு, அச்சடித்த அட்டைகள். மற்றதெல்லாம் நாலு வரி. எல்லாவற்றிலும் 'வருந்துகிறேன்' இருந்தது.

குமாரவேல் அவற்றைப் படித்துவிட்டு மேஜைமேல் அப்படியே போட்டுவிட்டுப் போனான். கண்ணம்மாள்தான் பொறுக்கி எடுத்தாள். தபாலைப் பிரித்து வகைவகையாகக் கட்டிவைப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை. அப்படிக் கட்டும்போதுதான் கவனித்தாள். ஏழு பேர் 'இடமில்லை' என்றார்கள். நாலு பேர் 'இப்போதைக்கு நிதியில்லை' என்றார்கள்.

மறுநாள் குமாரவேல் வந்ததும் மெல்லக் கேட்டாள். "ஏனுங்கண்ணா, இல்லைங்கறதும் இப்போதைக்கு இல்லைங்கறதும் ஒண்ணுங்களா?"

"மரியாதைக்கு எழுதறாங்க அம்மிணி. ரெண்டும் ஒண்ணுதான்."

"எங்க பார்ட்டிங்க 'இப்ப ஸ்டாக் இருக்குது'ன்னு எழுதினா, ஸ்டாக் எப்பத் தீரும்னு பாத்து மறுபடி எழுதுவோமுங்க. அவங்ககிட்டத்தான் ஆர்டர் அதிகமா வந்திருக்குது."

"இது பனியன் யாவாரம் இல்லை" என்றான் குமாரவேல். சொன்ன தோரணை அவளுக்குச் சுருக்கென்றிருந்தது. அவள் மிஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அதற்குப்பின் மூன்று வாரம் அவன் வரவில்லை. அப்பாவின் பட்டறையில் துணி அலசுகிற ஆட்களோடு நின்றுகொண்டிருப்பதாகப் பொங்கியண்ணன் சொன்னார். ஒருவர் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவனிடம் தூக்கிக்கொண்டு போனதாகவும், அவன் கோபித்துக்கொண்டதாகவும் சொன்னார்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் வந்தான். உட்காரவில்லை. "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அம்மிணி. உங்க பார்ட்டிகளுக்கு எப்படி எழுதுவே, அதச் சொல்லு" என்றான்.

கண்ணம்மாளுக்குக் கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் கேட்ட கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"மொதல்ல எல்லாருக்கும் ஒரே லெட்டர் போடமாட்டனுங்க. டில்லிக்காரங்களுக்குக் கை வச்ச பனியன் வேணும், கல்கத்தாவுக்குக் கையில்லாதது. அதத் தெரிஞ்சுக்காம எழுதினாக் குப்பைக்குத்தான் போகும். உங்க பேராசிரியருங்க ஒவ்வொருத்தரும் என்ன வேலை பண்றாங்கன்னு தெரியுமுங்களா?"

"கொஞ்சம் தெரியும். எல்லாரும் செல்லுலோஸ்ல வேலை பாக்கறவங்க. பருத்திநூல் அதுலதான் ஆகியிருக்குது."

"அது துணி யாவாரிங்கற மாதிரிங்க. அவங்க இந்த வருஷம் என்ன பண்றாங்க, எதுல ஆளு தேவைப்படும், அது தெரியோணும். அப்பறம், இந்த ஊர்ல பொறந்தேன், இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சேன்னு ஆரம்பிக்கறது வேண்டாமுங்க. பெட்டியத் தொறந்ததும் சாமான் மேலயே இருக்கோணும்."

அவன் சிரித்தான். முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

அதிலிருந்து வேலை வேறு மாதிரி நடந்தது. சனிக்கிழமைதோறும் குமாரவேல் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய், ஒரு கல்லூரி நூலகத்தில் பத்திரிகைகளைப் பார்த்துக் குறிப்பு எடுத்துவந்தான். யார் புதிதாக என்ன எழுதியிருக்கிறார், கட்டுரையின் கடைசியில் எந்த நிதிக்கு நன்றி சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கண்ணம்மாள் ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு அட்டை போட்டாள். எழுதிய தேதி, பதில் வந்த தேதி, என்ன சொன்னார், மறுபடி எப்போது எழுத வேண்டும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. முதல் வரியிலேயே அந்தப் பேராசிரியரின் வேலையைப் பற்றி இருக்கும், இரண்டாவது பத்தியில் இவன் செய்தது, மூன்றாவதில் இவன் அங்கே வந்தால் எதைச் செய்ய முடியும் என்பது. மார்க்கெல்லாம் தனித்தாளில் போய்விட்டது. ஒரு வாரத்துக்கு ஒன்றிரண்டு கடிதம்தான் முடிந்தது. மூன்றாவது பத்தியை எழுதத்தான் அவன் நாள்கணக்கில் முழித்தான். "நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே இப்பத்தான் அம்மிணி தெரியுது" என்று ஒருநாள் சொன்னான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவன் எழுதி வெளியாகியிருந்த இரண்டு கட்டுரைகளின் பிரதியையும் கூடவே அனுப்ப வேண்டும். முதல் தடவை அவற்றைக் கப்பல் தபாலில் போட்டிருந்தான். கடிதம் பத்து நாளில் போய்ச்சேர்ந்தது, கட்டுரை மூன்று மாதம் கழித்து. "லெட்டர் ஒரு பக்கம், சாம்பிள் ஒரு பக்கம் போனா யாருங்க சேத்துவச்சுப் பாப்பாங்க?" என்றாள் கண்ணம்மாள். எடை குறைவாக, இரண்டு கட்டுரைக்கும் சேர்த்து ஒரே தாளில் சுருக்கம் அடித்து விமானத் தபாலிலேயே வைத்துவிடலாம் என்று முடிவானது. பிப்ரவரி வரைக்கும் முப்பத்தொரு கடிதம் போயிற்று. அதில் நாலு, முதலில் 'இப்போதைக்கு இல்லை' என்று எழுதியிருந்தவர்களுக்கு மறுபடி எழுதியது. அதற்குக் குமாரவேலைச் சம்மதிக்க வைக்கத்தான் அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.

சுருக்கத்தாள் தீர்ந்துபோய், மார்ச்சில் புதிதாக அடிக்க உட்கார்ந்தாள். பழைய தாளைப் பார்த்து அடிக்காமல், எழுத்துச் சரிபார்க்கலாமே என்று அச்சான கட்டுரையையே பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது கட்டுரையின் அட்டவணையில் ஓரிடத்தில் 23 சதவீதம் என்று இருந்தது. கீழே விளக்கத்தில் அதே இடத்துக்கு 32 என்று இருந்தது. எண் இடம் மாறி விழுவது டைப் அடிக்கிறவர்களுக்குத் தெரிந்த தப்பு. இருபத்துமூன்று டஜன் முப்பத்திரண்டு டஜன் ஆகிவிடாமல் பார்ப்பதே அவள் பிழைப்பு.

"இதுல எதுங்க சரி?" என்று காட்டினாள்.

குமாரவேல் பார்த்தான். இரண்டாம் முறை பார்த்தான். முகம் வெளுத்தது. கட்டுரையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாலு நாள் கழித்து வந்தான். மதராசிலிருந்து கொண்டுவந்திருந்த சோதனை நோட்டுகளைத் தேடி எடுத்துப் பார்த்ததில் 23தான் சரி. ஆனால் கட்டுரையின் முடிவுரை 32ஐ நம்பி எழுதப்பட்டிருந்தது. காரம் அதிகமானால் நூலின் பலம் மூன்றில் ஒரு பங்கு போகிறது என்று அதில் அழுத்திச் சொல்லியிருந்தான். உண்மையில் கால் பங்குகூட இல்லை.

"எங்கிட்ட இருக்கறதே ரெண்டு கட்டுரை. அதுல ஒண்ணு தப்புன்னு நானே சொன்னா, மிச்சம் என்ன இருக்குது?" என்றான்.

பொங்கியண்ணன் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரும் பாக்கலீன்னா உட்டுடுங்க தம்பி. நாலு வருசமாச்சு, யாரு கேட்டா?"

கண்ணம்மாளுக்கும் பயமாகத்தான் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் அவன் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்க மாட்டானே என்றும் தோன்றியது. பிறகு சொன்னாள்.

"மூணு வருசம் முன்ன எண்பத்தஞ்சு சைஸ் பனியனுக்குத் தொண்ணூறுன்னு சீட்டு ஒட்டிக் கல்கத்தாவுக்குப் போயிருச்சுங்க. லாரி போனப்பறம்தான் தெரிஞ்சது. மொதலாளி அன்னிக்கே தந்தி குடுக்கச் சொன்னாருங்க. பெட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிப்போடோணும்னாரு. இது அவங்களாக் கண்டுபுடிச்சா வேற மாதிரி ஆயிருமுங்க."

"தந்தி குடுத்தப்பறம் அந்தப் பார்ட்டி உங்ககிட்டயே நின்னுச்சா?"

"அந்தத் தடவை திருப்பித்தான் அனுப்பினாங்க" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆனா அப்பறமும் வாங்கறாங்க."

குமாரவேல் பேனாவை எடுத்தான். கட்டுரை வெளியான பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதினான். கடிதம் போன முப்பத்தொரு பேருக்கும் ஆறு வரியில் ஒரு கடிதம். இன்ன பக்கத்தில் இன்ன எண் தவறு, என் சோதனை நோட்டுப்படி சரியான எண் இது, அதனால் என் முடிவு நான் சொன்ன அளவுக்கு வலுவானதல்ல. அவ்வளவுதான். மன்னிப்பைக் கெஞ்சிக் கேட்பதுபோல ஒரு வரி எழுதியிருந்ததைக் கண்ணம்மாள் கேட்காமலேயே விட்டுவிட்டு அடித்தாள். அவன் படித்துப் பார்த்தபோது அது இல்லாததைக் கவனித்தான், அப்படியே கையெழுத்துப் போட்டான்.

முதலில் வந்தது மதராஸ் பேராசிரியரின் கடிதம். கட்டுரையில் அவர் பெயரும் இருந்ததால் பத்திரிகை அவருக்கும் தெரிவித்திருந்தது. தன்னைக் கேட்காமல் எப்படித் திருத்தம் அனுப்பலாம் என்று காய்ந்திருந்தார். எங்கே வேலை கிடைத்தாலும் அவர் ஒரு நற்சாட்சிக் கடிதம் தந்தாக வேண்டும். அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்பது இருவருக்குமே தோன்றாமல் போயிருந்தது. குமாரவேல் நோட்டுகளை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினான். இரண்டு நாள் அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்து, மூன்றாம் நாள் காட்டியிருக்கிறான். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "என் கண்ணிலும்தான் படாமல் போயிருக்கிறது" என்றாராம். போகச் சொல்லிவிட்டாராம்.

மே மாதம் மூன்றாவது வாரம் கனடாவிலிருந்து ஓர் உறை வந்தது. அனுப்பியவர் ரெட்ஃபர்ன் என்ற பேராசிரியர். அவருடைய அட்டை கண்ணம்மாளுக்கு நினைவிருந்தது. ஆகஸ்டில் 'இப்போதைக்கு நிதியில்லை', ஜனவரியில் மறுபடி எழுதியது, அதற்குப் பதில் இல்லை. உறை கொஞ்சம் கனமாக இருந்தது. கனமான உறை இதுவரை வந்ததில்லை. பிரிக்கும் உரிமை அவளுக்கு இல்லை. பொங்கியண்ணனிடம் சொல்லிவிட்டு, பகலுணவு நேரத்தில் வெயிலோடு நடந்து பட்டறைக்கே போனாள்.

குமாரவேல் முழங்கால்வரை நனைந்து நின்றுகொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தான். படித்துவிட்டு அவளிடம் நீட்டினான். ரெட்ஃபர்ன் சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார். உங்கள் 32ஐ எடுத்துக்கொண்டு என் மாணவர் ஒருவர் ஆறு மாதம் கணக்குப் போட்டு, ஒத்துவராமல் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். உங்கள் கடிதம் கிடைத்த அன்று அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். செப்டம்பரிலிருந்து இரண்டு வருஷத்துக்கு என்னிடம் ஓர் இடம் இருக்கிறது. உங்கள் பேராசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும்.

நாச்சிமுத்து துணி அலசிய இடத்திலிருந்தே கேட்டார். "என்ன கண்ணு, யாராவது போய்ட்டாங்களா?"

"இல்லீங்கப்பா. வேலை கெடச்சிருச்சுங்க."

அவர் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, சிவன்மலை முருகன் இருக்கும் கிழக்குப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணம்மாள் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, மணியாகிவிட்டதென்று கம்பெனிக்குத் திரும்பி நடந்தாள். வழியில் கண் நிறைந்து நிறைந்து வந்தது. ஏனென்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

நற்சாட்சிக் கடிதம் வருமா என்று மூன்று வாரம் எல்லோரும் பயந்தார்கள். வந்தது. நீளமாகவே வந்தது. தவறைத் தானே கண்டு தானே சொன்னவர் என்று அதில் ஒரு வரி இருந்தது. 'தானே கண்டு' என்பதைப் படித்தபோது குமாரவேல் அவளைப் பார்த்தான். "இது நெசமில்லை அம்மிணி" என்றான்.

"அதுக்கும் ஒரு திருத்தம் போட்டுராதீங்கண்ணா, சாமி" என்றாள் அவள். பொங்கியண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து முதலாளி எட்டிப்பார்த்தார்.

குமாரவேல் செப்டம்பரில் கிளம்பிப் போனான். நாச்சிமுத்து பார்க்கிறவர்களிடமெல்லாம் முருகன் கொடுத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணம்மாள் பெயரை அவர் சொன்னதாகக் காதில் விழவில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இல்லை என்று அவள் பின்னாளிலும் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை லிங்கசாமி, நிட்டிங் மிஷின் பிட்டர். எந்தக் கம்பெனியில் மிஷின் நின்றாலும் சைக்கிளில் அவன்தான் போக வேண்டும். முதல் குழந்தை பிறந்தபின் அவள் வேலையை விட்டாள். கம்பெனிக்குப் புது டைப்ரைட்டர் வந்ததால் பழையதை அப்புசாமி அவள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். முன்னறையில் போட்டுக்கொண்டு ஊராருக்கு அடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

பொங்கியண்ணனின் வாய் அதற்குள் தன் வேலையைச் செய்திருந்தது. கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தார். கணியூர்க்காரர், கரும்பு வேரில் ஆராய்ச்சி செய்தவர். பதினேழாவது கடிதத்தில் அவருக்கு ஆஸ்திரேலியாவில் இடம் கிடைத்தது. தாவரவியல் படித்த ரங்காத்தாள் என்ற பெண் கணவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு டில்லியிலேயே கிடைத்தது. குமாரவேலும் விட்டபாடில்லை. கனடாவில் இரண்டு வருஷம் முடிந்து இங்கிலாந்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, இந்தியாவில் ஒரு பல்கலைக்கழக வேலைக்கு அலைந்தான். இங்கே விண்ணப்பத்தை ஆறு பிரதி கேட்டார்கள், குறிப்பிட்ட படிவத்தில் கேட்டார்கள். அவன் அங்கிருந்து விவரம் அனுப்ப, இவள் இங்கே அடித்து அனுப்பினாள். ஏழு இடத்துக்குப் போட்டும் எதுவும் அமையவில்லை. கடைசியில் பம்பாயில் ஒரு துணி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்துகொண்டான். திருப்பூருக்கு வருஷம் ஒருமுறை வருவான், வந்தால் கண்ணம்மாள் வீட்டில் காபி குடிக்காமல் போகமாட்டான்.

மயில்சாமியின் கதைதான் வேறு மாதிரி. பொங்கலூர்ப் பக்கம் தோட்டக்காரர் மகன். இயற்பியலில் டாக்டர் பட்டம். 1971இல் வந்தார். நல்ல படிப்பு, நல்ல கட்டுரைகள், சொன்னதை அப்படியே செய்கிற ஆள். அட்டை போட்டார்கள், ஆள் பார்த்து எழுதினார்கள், காலம் பார்த்து மறுபடி எழுதினார்கள். ஒன்றும் குறை வைக்கவில்லை. அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கு நிதியைக் குறைத்துவிட்டார்கள், அந்த ஊர்க்காரர்களே வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று ஒரு பேராசிரியர் நல்ல மனசோடு விவரமாகவே எழுதியிருந்தார். இரண்டு வருஷத்தில் தொண்ணூறு கடிதம்.

தொண்ணூறாவதற்குப் பதில் வந்த அன்று மயில்சாமி அடுத்த பட்டியலோடு வந்து உட்கார்ந்தார். கண்ணம்மாள் தாளை மிஷினில் சொருகவில்லை.

"போதுமுங்க" என்றாள்.

"இன்னும் பத்துப் பேரு பாக்கி இருக்காங்களே."

"இருக்காங்க. உங்க லெட்டர்ல தப்பு இல்லீங்க, உங்க வேலைலயும் தப்பு இல்லீங்க. அங்க எடமில்லை. இல்லாத எடத்துக்கு நான் அடிச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா அது நல்லதில்லீங்க. கோயமுத்தூர்ல பாலிடெக்னிக்ல ஆளு கேக்கறாங்கன்னு பேப்பர்ல வந்திருக்குது. அதுக்கு வேணா இன்னிக்கே அடிக்கறேன்."

மயில்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களக் கேட்டு முடிவு பண்றதுக்கு நான் வரலீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கொண்டுவந்த கட்டுரைகளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அன்று முழுக்கக் கண்ணம்மாளுக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் லிங்கசாமி வந்ததும் சொன்னாள். "நான் யாருங்க அதச் சொல்றதுக்கு? இன்னும் பத்துல ஒண்ணு கெடச்சிருந்தா?" லிங்கசாமி சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினான். "ஓடாத மிஷின ஓடாதுன்னு நானும் சொல்றேனில்ல" என்றான். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

அவர் வேறு யாரிடமோ அடித்து அந்தப் பத்தையும் அனுப்பினார் என்று பிறகு தெரிந்தது. எதுவும் வரவில்லை என்பதும் தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்துப் பல்லடம் பஸ்ஸில் அவரைப் பார்த்தாள். கோயமுத்தூரில் பாலிடெக்னிக் ஆசிரியராக இருந்தார். கூட மனைவி, அவள் மடியில் குழந்தை. அவராகவே எழுந்து இவளுக்கு இடம் விட்டார்.

"நல்லாருக்கீங்களாங்க? மிஷின் ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க. உங்க கட்டுரையெல்லாம் எங்க ஊட்டு அலமாரிலதான் இருக்குதுங்க. ஒருநா வந்து எடுத்துக்கங்க."

மயில்சாமி கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். வெளியே சோளக்காடுகள் போய்க்கொண்டிருந்தன. "எங்க காலேஜ்ல ஒரு சின்ன லேப் வச்சுக் குடுத்திருக்காங்க. பசங்களுக்குச் சாயங்காலத்துல ஏதோ பண்ணிக் காட்டிட்டிருக்கறேன்" என்றார். "கட்டுரை வேணுமுங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"வாங்க. இவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று அவர் மனைவியைக் காட்டினாள். குழந்தை கண்ணம்மாளின் முந்தானையை எட்டிப் பிடித்து இழுத்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தான். மயில்சாமி இவளுக்கும் சேர்த்து வாங்கப் போக, வேண்டாமென்று கண்ணம்மாள் தன் பையைத் திறந்தாள்.